அண்ணன் டோடோவுக்குக் கண்ணீர் அஞ்சலி

கோவில்பதாகை ஊர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்த யுவராணிக்கு, ஊர்க்காரர் ஒரே ஒருவரையாவது பள்ளிக்கூட வாசலை மிதிக்க வைத்தாக வேண்டும். அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே அதுதான்: கற்பித்தலில் புதுமை, தொழில்நுட்பம், வட்டாரப் பண்பாடு மூன்றையும் ஒரே அடுப்பில் ஏற்றிச் சமைப்பது. தொழில்நுட்பம் கைப்பேசியில் கிடந்தது. புதுமை அவள் மண்டைக்குள் கொதித்தது. பண்பாடுதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பெற்றோர் கூட்டத்துக்குச் சுண்டல் போட்டுப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியிலேயே வாங்கித் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் உலகநாதன் நேரில் வந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அன்றோடு கெடு முடிகிறது. தவறினால் பதிவே ரத்து. இத்தனை வருஷப் பாடும் பருத்திப்பட்டு ஏரியில் போட்ட கல்.

அந்த வாரப் பாடம், உலகத்தை விட்டே அழிந்துபோன உயிரினங்கள். யுவராணிக்குப் பொறி தட்டியது. நேராக டேனியின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள்.

"டோடோன்னு ஒரு பறவை, டேனி. அதுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். கீழே கியூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா பாடம் கேக்கணும்."

டேனி படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பாடி ரெடியா கீது மேடம். வெள்ள சட்ட, கழுத்துல செயினு, கும்பிட்ட கை. செத்தவங்க அல்லாருக்கும் அதே பாடிதான். தலய மட்டும் குடுங்க."

"பறவைக்கு எதுக்குப்பா சட்டை?"

"வெறும் ஒடம்போட சாவு பேனர் கட்னா கட மானம் இன்னா ஆவும் மேடம்?"

புதன்கிழமை மாலை பேனர் பள்ளிக்கூடத் தெருமுனையில், பள்ளி முகவரியோடு ஏறியது. வெள்ளைச் சட்டை, விரல் தடிமன் சங்கிலி, அதற்கு மேல் முழநீள அலகோடு டோடோவின் தலை. கண்ணுக்குக் கூலிங்கிளாஸ் டேனியின் சொந்தச் செலவு.

அந்தப் பக்கத்தில் சாவு பேனரைப் பார்த்துவிட்டு, யார் எவர் என்று விசாரித்துக்கொண்டு நிற்பது மரியாதைக் குறைவு. முதலில் மாலையோடு போய்விட வேண்டும். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வியாழன் காலை யுவராணி வந்து பார்த்தால், பள்ளி வாசலில் பந்தல். வெள்ளானூரிலிருந்து இரண்டு வேன். அயனம்பாக்கத்துக்காரர்கள் பறையோடு வந்திருந்தார்கள். ஐஸ் பெட்டிக்காரன் வாடகைக்குப் பெட்டியை இறக்கிவிட்டு, "பாடி எப்பம்மா வருது?" என்றான். மாலைகள் குவிந்த குவியலில் பூந்தமல்லிப் பூக்கடைகள் எல்லாம் காலியாகி, அன்றைக்கு முகூர்த்தம் வைத்திருந்த மாப்பிள்ளைகள் வெறுங்கழுத்தோடு நின்றதாகப் பேச்சு.

ஒப்பாரிக்குப் பேர்போன கெங்கம்மாள் நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். யுவராணி ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ, இது பாடங்க! செத்தது பறவைங்க!"

"பறந்து பூட்டாருதான்மா," என்று கெங்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாவம், துக்கத்துல இன்னான்னமோ பேசுது. சோடா குடுங்கடா."

அதற்குள் ஒருவர் பேனரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, கைப்பேசியை மைக்கருகே நீட்டினார். ஏழாம் வகுப்புப் பையன் பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் வந்தது. 'நான்தான் டோடோ. எனக்குப் பறக்கத் தெரியாது. கப்பலில் வந்தவர்கள் என்னை அடித்தார்கள். அவர்களோடு வந்த பன்றியும் எலியும் என் முட்டைகளைத் தின்றன.'

செத்தவரே பேசுகிறார்! கூட்டம் ஓவென்று அலறியது. "முட்ட யாவாரம் பண்ணிகினு இருந்த மன்ஷன் மாரி கீது," என்று மூக்கைச் சிந்தினார் ஒருவர்.

சரியாக அந்த நேரத்தில் வெள்ளைக் காரிலிருந்து வெள்ளைச் சட்டையோடு இறங்கினார் உலகநாதன். நல்ல மூக்கு அவருக்கு. பாதி முகத்தை அதுவே ஆண்டது. கெங்கம்மாள் பேனரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அண்ணங்காரர் வந்துட்டாருடா! மூக்கப் பாரு, அப்டியே கீது!"

மாலை, துண்டு, கட்டிப்பிடி எல்லாம் முடிந்து அவர் வெளியே வர அரைமணி ஆனது. ஆனால் ஆராய்ச்சி ரத்தம் விடுமா? அருகில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவரிடம், "டோடோ எப்படி அழிந்தது?" என்று கேட்டார்.

"அழிஞ்சிதா? மரியாதயா பேசு நைனா. பறக்கத் தெரியாத அப்பாவி. கப்பல்ல வந்தவனுங்க அட்ச்சானுங்க, பன்னியும் எலியும் முட்டைய துன்னுட்ச்சி. வம்சம் எங்க வெளங்கும்?"

பத்துப் பேரைக் கேட்டார். பத்துப் பேரும் தப்பில்லாமல் சொல்லி, தப்பாமல் அழுதார்கள். உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா யுவராணி, இப்படி ஒரு கற்றல் விளைவை நான் பார்த்ததே இல்லை!" என்று டேப்லெட்டை எடுத்தார். திரையில் விரலால் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

கெங்கம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா நைனா, தீட்டோட நல்ல காரியத்துல கை வெக்கிற? கூடப் பொறந்தவன் பூட்டான். பதினாறு முடியட்டும்."

"ஆமா, படிக்கிற புள்ள விஷயம், வெளங்காமப் பூடும்," என்றது கூட்டம். உலகநாதனும் அரைமணி நேரத் துக்கத்தில் ஊறிப்போயிருந்தார். "அவங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது," என்று விரலை மடக்கிக்கொண்டார்.

யுவராணி மணி பார்த்தாள். நான்கு மணிக்குப் பல்கலைக்கழக இணையதளம் மூடிவிடும். பறவை என்று சொல்லிப் பயனில்லை. அதைத்தான் காலையிலிருந்து கத்தியாகிவிட்டது. தீட்டென்றால் தீட்டின் கணக்குக்கே போகவேண்டியதுதான். மைக்கைக் கையில் பிடித்தபடியே கெங்கம்மாளின் காதோரம் குனிந்தாள்.

"ஆயா, அவரு செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. நமக்குத்தான் சேதி லேட்டு."

பறை நின்றது. ஐஸ் பெட்டிக்காரன் வாயைத் திறந்தபடி நின்றான். இன்றைக்கு முதுகுத்தோல் தப்பாது என்று யுவராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத மொதல்லயே சொல்றதில்ல?" என்றாள் கெங்கம்மாள். "பழைய சாவு காதுல வுழுந்தா தலைக்கு ஊத்திக்கினா தீந்துச்சு. டேய், தண்ணி லாரிய இட்டாடா!"

தெருவில் நின்ற லாரியின் குழாயைத் திருப்பினார்கள். உலகநாதன் மாலையோடு நனைந்தார். தீட்டு போனதும் விரலை நீட்டினார். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. தேய்த்தார், மறுத்தது. கெங்கம்மாள் தன் முந்தானையால் அந்த விரலை அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்ப போடு," என்றாள்.

போட்டார். ஏற்றது. யுவராணி அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, செத்த மனிதர் மேல் இந்தப் பெண்ணுக்கு எத்தனை பாசம் என்று வெள்ளானூர் வேனில் வந்தவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள்.