இரண்டு மணிக்குக் குத்திய கார்டு

காலை ஆறு மணிக்கு அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மெஷின்கள் ஓடத் தொடங்கும்போது வெளியே இன்னும் சரியாக விடிந்திருக்காது. கட்டிங் மெஷினின் வாய் நிமிடத்துக்குப் பதினாறு தடவை திறந்து மூடும். திறக்கும்போது வெட்டுப்பட்ட அட்டையை வலது கையால் உருவ வேண்டும், இடது கையால் புது அட்டையைச் செருக வேண்டும், அது மூடுவதற்குள் இரண்டு கைகளையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அட்டைத் தூசி மூக்கில் ஏறும். பசை வாடை தொண்டையிலேயே தங்கிவிடும். எட்டு மணிக்குத் தோள்பட்டை வலிக்க ஆரம்பிக்கும். பத்து மணிக்கு மேல் வலிக்கிறதா இல்லையா என்று யோசிக்க நேரமிருக்காது.

பதினான்கு வருடம் அந்த மெஷினில் நின்றவளை எல்லோரும் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு எதிலும் சந்தேகம். எண்ணெய் வாங்கினால் கடைக்காரன் முன்னாலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். கடிகாரம் மணி காட்டினால் பக்கத்தில் இருப்பவர்களிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி எத்தனை பேர்கிட்ட விசாரிச்சே?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்பதுண்டு. "ஒன்பது பேர்" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவருக்கு இன்னும் தெரியாது.

அப்பேர்ப்பட்டவள் சந்தேகமே படாத ஒரு பொருள் உண்டென்றால் அது கார்டு டப்பாதான்.

அது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. ஷிஃப்ட் முடிவது இரண்டு மணிக்கு. லோடு ஒருநாளும் இரண்டு மணிக்குள் முடியாது, லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சூப்பர்வைசர் டப்பாவை நீட்டுவார். வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பேரும் தங்கள் வருகைக் கார்டை அதில் போடுவார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து, பன்னிரண்டு கார்டையும் கொண்டுபோய், நேரத்தைப் பதிக்கிற வாசல் கடிகாரத்தில் குத்திவிட்டு வருவார். கார்டுப்படி எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று. ஆட்கள் மட்டும் லோடு முடிகிறவரை மெஷினோடு நிற்பார்கள். பதிலுக்கு, காலையில் பத்து நிமிடம் தாமதமானால் கம்பெனி கேட்காது, சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம். விட்டுக்கொடுத்துப் போகிற இடம் என்று அவர்களுக்கு அதில் பெருமை வேறு.

அந்த வியாழக்கிழமை கட்டிங் அக்காவின் கார்டு மணி ஒன்று ஐம்பத்தெட்டுக்குக் குத்தப்பட்டது. இரண்டு இருபத்தைந்துக்கு மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற தடுப்புக் கம்பி மூன்று நாளாக வேலை செய்யவில்லை. மெக்கானிக் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இந்த லோடு போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். லோடு போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு கிடையாது. விபத்து பணி நேரத்துக்கு வெளியே நடந்திருக்கிறது. பணி முடிந்த பிறகு, சொந்த விருப்பத்தின்பேரில் இயந்திரத்தைத் தொட்டிருக்கிறார். ஆட்சேபணை இருந்தால் அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"சொந்த விருப்பமாம்" என்றாள் அக்கா. கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. "ஆசையா கையை விட்டுப் பாத்தேன் போலிருக்கு." வீட்டுக்காரர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். ஏணியில் ஒருவராக ஏறி இறங்கி மூன்று பேர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அடுத்த வருடம் பள்ளி இறுதி. அந்தப் பணம் வராவிட்டால் அவள் படிப்பு அதோடு முடியும். மூவருக்கும் அது தெரியும்.

மறுநாளே சூப்பர்வைசர் வந்தார். முதலாளி தும்மினாலும் ஆமாம் சார் என்கிறவர் ஆதலால் அவருக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர். கையில் ஆறு ஆப்பிள், ஒரு காகிதம், கூடவே ஒரு மை டப்பா.

"ஒண்ணும் இல்லக்கா. வாசல் கேட்டுல உக்கார்ற வேலை ஒண்ணு உங்களுக்காக முதலாளி ஒதுக்கி வெச்சிருக்காரு. இதுல பெருவிரலை வெச்சாப் போதும்."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"கை இப்படி இருக்கேன்னுதான்..."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. குடுங்க, படிச்சுப் பாக்கறேன்."

படித்தாள். இரண்டாவது வரியிலேயே 'சொந்த விருப்பத்தின்பேரில்' உட்கார்ந்திருந்தது. இன்சூரன்ஸ்காரன் எழுதிய வார்த்தை கம்பெனிக் காகிதத்துக்கு எப்படி வந்தது? இல்லை, இங்கிருந்துதான் அங்கே போனதா? காகிதத்தை மடித்து அவரிடமே நீட்டினாள்.

ஆமாஞ்சாமி எழுந்தார். வாசல்வரை போய்விட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதா இருக்க வேணாம். அன்னிக்கு ஒண்ணு அம்பத்தெட்டுக்கே உங்க வேலை முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? உங்க கூட்டாளி நெட்டைதான்."

நெட்டை அவளுக்கு அடுத்து நின்று வெட்டிய அட்டைகளைக் கட்டு கட்டுகிறவள். அன்று துண்டைச் சுற்றிக் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ்வரை ஓடி வந்தவள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் வரவில்லை என்று மூன்று மாதமாகக் குடைந்துகொண்டிருந்ததற்கு இப்போது பதில் கிடைத்ததுபோல் இருந்தது. அக்கா அந்த ஆப்பிள்களைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக அழுகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சட்ட உதவி மையம் சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிக் கொடுத்த முகவரி. மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். வக்கீலம்மா இருமிக்கொண்டே கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஃபீஸ் எவ்வளவு?" என்றாள் அக்கா.

"ஃபீஸ் கிடையாது."

"அப்ப யாரு உங்களுக்குக் குடுக்கறாங்க? கம்பெனியா?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் சேர்ந்து வந்தது. "அரசாங்கம் சம்பளம் குடுக்குது. குறைச்சலாத்தான் குடுக்குது. நம்பிக்கை வரலைன்னா கீழ சைக்கிள் கடைக்காரரைக் கேளுங்க, ஆறு வருஷமா என்னைப் பாத்துட்டு இருக்காரு."

அக்கா நிஜமாகவே கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வக்கீலம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார்டு டப்பாவின் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார். "நீங்க ஒருத்தர் மட்டும் இதைச் சொன்னா, ஏமாத்துக்காரின்னு சொல்வாங்க. உங்க கார்டைக் குத்தினவங்க மட்டும் சொன்னா, அவங்க வேலை போகும். வரிசையில நிக்கிற அத்தனை பேரும் சொன்னாத்தான் அது கம்பெனி வழக்கம்னு ஆகும். யாராவது வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க" என்றாள் அக்கா. "ஒருத்தி ஏற்கெனவே அந்தப் பக்கம் போயாச்சு."

"அவங்களையே போய்க் கேட்டீங்களா?"

எண்ணெய் மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதவள், இதை மட்டும் ஆமாஞ்சாமி சொன்னபடியே வாங்கி வைத்திருந்தாள். அது உறைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நெட்டை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

"எழுதிக் குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன்."

அக்கா திரும்பிப் படியிறங்கப் போனாள்.

"பாதிதான்க்கா என்னுது!" நெட்டை கத்தினாள். "அந்த வாரம் குத்துற முறை என்னுது. உன் கார்டு ஒண்ணு அம்பத்தெட்டுக்குக் குத்தியாச்சு, ஆனா அப்ப நீ மெஷின்ல நின்னுட்டு இருந்தேன்னு ரெண்டு வரி எழுதினேன். ரெண்டாவது வரி வேணாம்னு வேற பேப்பர் குடுத்தாங்க. எழுதலைன்னா திருட்டுக் கார்டு குத்தினதா போலீசுக்குப் போவோம்னாங்க. நீயே கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன்னு ஆமாஞ்சாமி சொன்னாரு. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன்?"

"நானா? உம்மேலயா?"

"வீட்டுக்கே வந்து சொன்னாரு. ஆறு ஆரஞ்சு வேற வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணு அழுகல்."

"எனக்கு ஆப்பிள்" என்றாள் அக்கா. "ஆறும் நல்லாத்தான் இருந்துச்சு."

நெட்டைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கா தன் இடது கையால் கீழே கிடந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்ட வரவில்லை, நெட்டை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவின் அறையில் உட்கார இடமில்லை. நெட்டை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். போன இடமெல்லாம் ஒரே கதை: ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, அடுத்தவர் உன்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதமாக அந்த வரிசையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெக்கானிக்கும் வந்திருந்தார். தடுப்புக் கம்பி கெட்ட தேதியும், மெஷின் நின்ற இரண்டு இருபத்தைந்தும் எழுதியிருந்த எண்ணெய்க் கறை படிந்த நோட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வேலை போனா யாரு சோறு போடுவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "போனா அதுக்கும் சேர்த்து வழக்குப் போடுவோம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

முதலில் நெட்டை கையெழுத்துப் போட்டாள். இரண்டு வரியையும் எழுதிவிட்டுப் போட்டாள். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். பசை அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தே நின்றார். பசை மெஷின்காரர், வரிசையில் முதல் ஆள். அவர் மகன் முதலாளியின் காரை ஓட்டுகிறான். "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பசை அண்ணன் நேரே முதலாளி வீட்டுக்குத்தான் போகிறார் என்று அக்கா உறுதியாக நம்பினாள்.

மேல்முறையீட்டுக்கான அறுபது நாளில் ஐம்பத்திரண்டாவது நாள், மெஷின் பதிவேடுகளைக் கேட்கும் வக்கீல் கடிதத்தோடு அவளே கம்பெனிக்குப் போனாள். முதலாளியின் அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே உட்கார்ந்தால் வரிசை முழுதும் தெரியும், வாசல் கடிகாரமும் தெரியும். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் மெஷினில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"உக்காருங்கம்மா. பதினாலு வருஷம். நம்ம குடும்பத்து ஆள் மாதிரி."

"நிக்கிறேன் சார்."

"வக்கீலெல்லாம் எதுக்கு? இல்லைன்னது இன்சூரன்ஸ்காரன். நானா இல்லைன்னேன்?"

"கார்டை அனுப்பினது நீங்கதானே."

"கார்டுல இருக்கறதை அனுப்பினேன். ஒண்ணு அம்பத்தெட்டு. அதுக்கப்புறம் நீங்க எதுக்கு மெஷின்ல கை வெச்சீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டு இருபத்தஞ்சுக்கு உங்க லாரி எங்க சார் நின்னுட்டு இருந்துச்சு?"

முதலாளி கடிதத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "ஞாயித்துக்கிழமை மாடியில கூட்டம் போட்டது எனக்குத் தெரியும். அடுத்தவங்க கார்டைக் குத்தினா டிஸ்மிஸ், அது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு. உங்களுக்காக யாரும் கோர்ட்டுல வந்து நிக்க மாட்டாங்க. அதோ பாருங்க, எப்பவும் போலத்தான் நடக்குது."

எப்படித் தெரியும்? அவளுக்குப் பசை அண்ணனின் முகம்தான் கண்முன் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆமாஞ்சாமி பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையின் தலைப்பக்கம் வந்தார். பசை அண்ணன் முன்னால் நீட்டினார். பசை அண்ணன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். டப்பாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஆமாஞ்சாமி ஏதோ சொன்னார். பசை அண்ணன் ஒரு தடவை கண்ணாடிப் பக்கம் பார்த்தார். கார்டைத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவை மட்டும் வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

டப்பா கைமாறிக் கைமாறி வரிசை முழுக்க நடந்தது. நெட்டை அதை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, புதுப்பெண்ணிடம் கொடுத்தாள். புதுப்பெண் ஒன்றும் புரியாமல் கையில் கார்டோடு முழித்தாள். நெட்டை அவள் காதில் ஏதோ சொன்னாள். அவளும் கார்டைப் போடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஆமாஞ்சாமியிடம் திரும்பி வந்தது வெறும் டப்பா. அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

இரண்டு மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினான்கு வருடத்தில் இரண்டு மணிக்கு அந்த இடம் அமைதியாக இருந்து அக்கா கேட்டதில்லை. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான், இன்னொரு தடவை அடித்தான். பன்னிரண்டு பேரும் கடிகாரத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள், அவரவர் கார்டு அவரவர் கையில்.

"நாளைக்கு இவங்கள்ல ஒருத்தருக்கும் வேலை இருக்காது" என்றார் முதலாளி. "உங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது."

"கிடைக்காமப் போகலாம் சார்" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவில்லை. "கடிதம் வாங்கினதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நேரமும் எழுதுங்க."

அவர் போட்டார். ரெண்டு மணி என்று எழுதினார். அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். கண்ணாடி வழியாகக் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு மணி மூணு நிமிஷம் சார்" என்றாள். "சரியா எழுதுங்க."