அக்காள் முகம் இருந்த புத்தகம்

பாகூரில் தங்கி எங்கள் ஜனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த பிரெஞ்சுக்காரத் துரை, ஊருக்குக் கப்பலேறும் முன் தன் பழைய கேமராவை என் அக்காள் புருஷன் சூசைநாதனுக்குக் கொடுத்தார். கூடவே இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று, பிரான்சில் அச்சாகி வந்த அவருடைய ஆராய்ச்சிப் புத்தகம். மற்றது, பிலிம் கழுவிப் படம் போடச் சொல்லித்தரும் புத்தகம். ஒன்றை மாமா எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் பண்ணையார் பலராமனுக்கு.

ஆராய்ச்சிப் புத்தகத்தில் என் அக்காள் காசம்மாள் இருந்தாள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவளைச் சேற்றிலேயே நிமிர்த்தி நிறுத்தி எடுத்த படம். முந்தானையை இடுப்பில் சொருகி, வெயிலுக்கு முகத்தைச் சுளித்திருந்தாள். அந்த ஐப்பசியிலேயே வாந்திபேதியில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. பால்குடியாக விட்டுப்போன மகள் சின்னபொண்ணுக்கு அம்மாவின் முகமே தெரியாது.

"அக்காவ எடுத்தாந்துடு மாமா. பண்ணையார் வூட்டுக்குப் போயிட்டா நம்மள வாசப்படி ஏற வுடுவாங்களா?" என்றேன்.

மாமா பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவர். "படத்துக்குக் கீழ இன்னா போட்டிருக்கு தெரியுமா? கூலிக்காரின்னு. பேருகூட இல்ல. மருந்து கலக்கத் தெரியலன்னா இந்தக் கேமரா வெறும் பொட்டி. அப்புறம் என் பொண்ணும் சேத்துலதான் நிக்கணும்."

படம் போடும் புத்தகத்தோடுதான் வந்தார். சோறு வைத்தேனே தவிர, அவரோடு பேசவில்லை.

ஆடியில் ஒருநாள், "கழுவிப் பாக்க ஒரு படம் வேணும், வந்து நில்லு" என்றார். வேண்டாவெறுப்பாக நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. முந்தானையை இடுப்பில் சொருகச் சொன்னார். பிறகு கேட்டதற்குப் படம் கெட்டுப்போச்சு என்றார். புத்தகம் படித்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளன்று சாமந்தி வாங்கிக்கொண்டு அக்காள் கல்லறைக்குப் போனேன். மாமாவும் சின்னபொண்ணும் முன்னமே வந்திருந்தார்கள். சிலுவையில் ஒரு படத்தைச் சாய்த்து, மாலை போட்டு, எதிரே மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். படத்தில் இருந்தது நான். உயிரோடு இருக்கிற என் முகம், வெயிலுக்குச் சுளித்தபடி.

மாலையைப் பிடுங்கி எறியலாம்போல ஆத்திரம் வந்தது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

முட்டிபோட்டிருந்த சின்னபொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா உன்ன மாதிரியே இருக்காங்க இல்ல, சின்னம்மா?"

"ஒரு வயித்துல பொறந்தவங்கதானடி" என்றேன்.

காற்றில் மெழுகுவத்தி அணையப் பார்த்தது. நானே உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டேன்.