முதல் மாத்திரைக்கு முன்

ஞானபூரணியால் ஒரு நிலையாக உட்கார முடியவில்லை. நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்கள் விட்டுக்கொடுத்த தூரத்துக்குக் கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தாள். படுத்தாள், எழுந்தாள். தலைமாட்டில் இருந்த மானிட்டர் அவளைவிடப் பதற்றமாகக் கத்தியது.

அவள் பள்ளத்தூரில் பள்ளி ஆசிரியை. சில மாதங்களாக இதயம் நினைத்த நேரத்தில் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். பாடத்தின் நடுவே மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். துடிப்பைச் சீராக்க ஒரு மாத்திரை தொடங்கலாம் என்று காரைக்குடி டாக்டர் தேனம்மை சொல்லியிருந்தார். ஆனால் வீட்டில் வைத்துத் தொடங்கக் கூடாதாம். மருத்துவமனையில் படுக்கவைத்து, இசிஜி எடுத்து, ரத்தத்தில் உப்புச்சத்தும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் முதல் மாத்திரை. ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலம் வந்துவிடும்.

அவளை அலைக்கழித்தது மாத்திரை அல்ல. காலையில் டாக்டர் கேட்ட கேள்வி.

ஆஸ்துமா உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள், சமீபத்தில் வாந்தி பேதி ஏதும் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "உங்க குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காகளா?" என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் சகாய ஆண்டனி பதில் சொல்லிவிட்டான். "அப்படி யாரும் இல்ல டாக்டர். இவ அக்கா ஒருத்தவுக கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டாக. ஆனா அது மஞ்சக்காமாலை."

டாக்டர் குறித்துக்கொண்டார். ஞானபூரணி ஆமென்று தலையாட்டினாள்.

காமாலை இல்லை. அக்கா மரிய அனிதா ஊருணியில் மூழ்கிச் செத்தாள். மீன்போல நீந்துகிறவள். அன்று பாதி தூரம் நீந்தியவள் அப்படியே நின்றுபோனாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். கையைக் காலை அடிக்கவில்லை, கத்தவில்லை. கல் மாதிரி உள்ளே போனாள். அதற்கு முதல் நாள்தான் பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி அம்மாவிடம் அறை வாங்கியிருந்தாள். ஊருக்கு அது போதும். பிழைக்க நினைத்தவள் கையைக் காலை உதறியிருக்க மாட்டாளா என்றார்கள். தானே உயிரை மாய்த்துக்கொண்டவளுக்கு மாதா கோயில் மணி அடிக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். ஞானபூரணிக்குக் கல்யாணம் பேசும்போது அம்மாதான் காமாலை என்று சொல்லிவைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

இப்போது போய் அதைச் சொல்வதா? எத்தனை வருடம் கழித்து? அதுவும் வீட்டுக்காரர் முன்னால்?

"ஏன் இப்படிப் பொரண்டுக்கிட்டே கெடக்க? சும்மா படு," என்றான் ஆண்டனி.

படுத்தாள். கண்ணை மூடினால் ஊருணி தெரிந்தது. பிறகு, நினைக்காமலேயே, மகள் வின்சி தெரிந்தாள். திருச்சியில் கல்லூரி முதல் வருடம். போன வருடம் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிக்கொண்டிருந்தவள் எல்லைக்கோட்டுக்கு முன்னால் சுருண்டு விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் ஓடினாள் என்று எல்லாரும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள்.

ஞானபூரணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் மீனு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையோடும் தண்ணீரோடும் வந்தாள். "ரிப்போர்ட் நல்லா இருக்குக்கா. டாக்டர் போடச் சொல்லிட்டாக."

"டாக்டரைக் கூப்புடு."

"போட்டதும் வந்து பாப்பாகக்கா."

"போடுறதுக்கு முந்தி கூப்புடு தாயி. காலையில ஒண்ணைத் தப்பாச் சொல்லிட்டோம்."

"என்னத்தத் தப்பாச் சொன்னோம்?" என்றான் ஆண்டனி. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் தேனம்மை வந்தார். ஞானபூரணி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். அக்காவை, ஊருணியை, ஊர் பேசியதை, வின்சி விழுந்ததை.

டாக்டர் முதலில் கிண்ணத்தை எடுத்து மீனுவிடம் திருப்பிக் கொடுத்தார். "இதை இப்பப் போட வேணாம்." பிறகு காலையில் எடுத்த இசிஜி தாளை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தார்.

"ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்கு இதயம் தயாராக ஒரு நேரம் எடுக்கும். சில குடும்பத்துல பொறவியிலேயே அந்த நேரம் நீளமா இருக்கும். ஓடுறப்ப, நீந்துறப்ப திடீர்னு துடிப்பு கெட்டு மயங்கிருவாக. இந்த மாத்திரை அந்த நேரத்தை இன்னும் நீட்டும். உங்களுக்கு அது இயல்பான அளவோட விளிம்புலதான் இருந்துச்சு. குடும்பத்துல அப்படி யாரும் இல்லைன்னு சொன்னதால தொடங்கலாம்னு இருந்தேன். நல்லவேளை சொன்னீக."

"அப்ப அக்கா…"

"பாக்காதவுகளைப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நல்லா நீந்துறவுக கையைக் காலை அடிக்காம முங்கினாகன்னா, மயங்கியிருக்கலாம். மகளை உடனே வரச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் ஓட வேணாம், தண்ணிக்குள்ள எறங்க வேணாம்."

டாக்டர் போனதும் ஆண்டனி வராந்தாவுக்குப் போய் வின்சியிடம் போனில் பேசினான். திரும்பி வந்தவன் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டான்.

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு என் கையாலதான் அவுகளுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்ன நெனைப்பீகளோன்னு இருந்துச்சு."

"என்ன நெனைச்சிருப்பேனோ, எனக்கும் தெரியல," என்றான். கோபம் இருந்தது. ஆனாலும் சரிந்த வயரை எடுத்து அவள் தோளுக்கு மேலே ஒதுக்கிவிட்டான்.

மறுநாள் வின்சி பயத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் இசிஜியில் அந்த நேரம் விளிம்பில் இல்லை, தெளிவாகவே நீண்டிருந்தது. இருவருக்கும் வேறு வகை மாத்திரை எழுதி, மரபணுப் பரிசோதனைக்காக மதுரைக்கு அனுப்பினார்கள். ஓட்டப் பந்தயம் இனி இல்லை என்றதும் வின்சி அழுதாள். உயிர் தப்பியதற்கு எப்படிச் சந்தோஷப்படுவது என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

மதுரையிலிருந்து வந்த பிறகு ஞானபூரணி அம்மாவைப் பார்க்கப் போனாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள்.

"அப்ப, நான் அடிச்சதுக்காக இல்லையா?"

"இல்லம்மா. இருக்காது."

அம்மா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.