தூணாக எழுந்த வரிசை

குடிநீர் வாரிய அலுவலக முற்றத்தில் புகார் கொடுக்க வரிசையில் நின்றிருந்தவர்கள், ஒரு திங்கட்கிழமை தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு, ஒருவர் தோள்மேல் ஒருவராகத் தூண்களாக எழுந்து நின்றார்கள். யாரும் யார் மேலும் ஏறவில்லை. படுத்திருந்தவர் எழுந்து உட்காருவதுபோல வரிசையே எழுந்துகொண்டது. தெருவுக்கு ஒரு தூண். அடிபட்டவர்கள் யாரும் இல்லை. சில செருப்புகளும் ஒரு குடையும் மட்டும் தரையில் தங்கிவிட்டன. தூண்களின் உச்சி சரியாக முதல் மாடி ஜன்னலுக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மேலதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பார்க்க ஒழுங்கா இருக்கு" என்றார்.

அதே மாடியின் கோடியில், கழிவறைக்குப் பக்கத்து அறையில், அந்த வேலையைச் செய்து முடித்தவள் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித் தருவது அவள் உத்தியோகம் என்பதால் அலுவலகம் அவளைக் கேள்விக்காரி என்றே அழைத்தது. அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். புகார்கள் அதுவரை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: இன்ன தெரு, இன்ன மாதம், தீர்ந்ததா தீராததா. மேலிடத்தார் அத்தனை நீளத்தைப் படிக்கமாட்டார்கள் என்று மேலதிகாரி சொன்னார். தெருப் பெயர்கள் தலைப்பாக மேலே நிற்க வேண்டும், மாதங்கள் பக்கவாட்டில் இறங்க வேண்டும், எல்லாம் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அவள் கிடைவரிசைகளை நெடுவரிசைகளாகத் திருப்பினாள். ஒரு தெருவில் ஒரே மாதத்தில் பல புகார்கள் இருந்தால் கட்டத்துக்குள் எதை வைப்பது என்று கணினி கேட்டது. அவசரத்தில், இருப்பவற்றில் பெரியதை எடு என்று எழுதினாள். அந்தக் கணினி எழுத்துகளை அடுக்கும் முறையில் 'தீராதது' முதலில் வரும், 'தீர்ந்தது' பின்னால் வரும். பின்னால் வருவதே பெரியது. ஆகவே ஒரு தெருவில் ஒரே ஒருவர் குறை தீர்ந்திருந்தாலும் போதும், அந்தத் தெருவே தீர்ந்துபோனது.

மாலையில் கவுன்ட்டர் மூடியதும் தூண்கள் கலைந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் முற்றத்தில் கால் வைத்ததும் மறுபடி எழுந்தார்கள். ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. அடியில் நிற்கப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். உச்சியில் யார் என்பதில் மட்டும் மாற்றமே இல்லை. ஒரு தையற்காரியின் தெருத் தூணில் உச்சியில் நின்றவர் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் கடை வாசலில் ஒழுகிய குழாயை வாரியம் அன்றைக்கே வந்து அடைத்திருந்தது. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. மேலதிகாரி ஜன்னல் வழியாக விசாரித்தபோதெல்லாம், "என் வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். கீழே இருந்தவர்கள் கத்தியது முதல் மாடிக்கு எட்டவில்லை.

கீழே, எல்லோருக்கும் அடியில் நின்றவள் அந்தத் தையற்காரி. கேள்விக்காரியின் கூடப்பிறந்த அக்கா. அவள் வீட்டுக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. மகளுக்கு மஞ்சள் காமாலை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தபோது அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை. தோள் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"எழுதினது நீதானே?"

"அவசரம்னு சொன்னாருக்கா. நானும் யோசிக்கல."

"இவ கண்ணைப் பாருடி. நல்லா பாரு. எங்க தெருக் கட்டத்துல என்னன்னு போட்டிருக்கு?"

தங்கை கட்டிலில் தூங்கிய அக்கா மகளின் இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"தீர்ந்ததுன்னு."

அக்கா கையிலிருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தாள். கட்டிலில் இருந்த பெண் விழித்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் தெம்பில்லாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கேள்விக்காரி மேலதிகாரி முன் போய் நின்றாள். "சார், அந்தக் கட்டத்துக்குள்ள பல பேர் இருக்காங்க. வெளியே தெரியறது ஒருத்தர்தான்."

"ஒரு கட்டத்துல ஒண்ணுதாம்மா நிக்கும். அதுக்குப் பேர்தான் கட்டம்." அறிக்கையை மேலிடம் பாராட்டியிருந்ததால் அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "ஆமா, அந்தப் பழைய நீளப் பட்டியல் இன்னும் எதுக்கு? போன வருஷத்தை நானே அழிச்சுட்டேன். இந்த வருஷத்தை நீ சாயங்காலத்துக்குள்ள அழிச்சுடு."

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தூண்களுக்குள் நடுநடுவே ஆள் உயரத்துக்கு இடைவெளிகள் இருந்தன. போன வருடம் புகார் கொடுத்தவர்கள் நின்ற இடங்கள் அவை. அவர்களுக்கு மேலே நின்றவர்கள் கீழே இறங்காமல், காற்றில் காலூன்றி அப்படியே நின்றார்கள். இல்லாமல்போனவர்கள் தத்தம் வீட்டில் சௌக்கியமாக இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். எதற்காகப் புகார் கொடுத்தோம் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துவிட்டதாம். குழாயைத் திறக்கிறார்கள், வருவதைக் குடிக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

அக்காவின் புகார் வரியை அழித்தால் அக்கா இன்றிரவு அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஆசை ஆசையாக மகள் வாயில் ஊற்றுவாள். கேள்விக்காரி தன் அறைக்குப் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். முதலில் நெடுவரிசைகளைப் பழையபடி கிடைவரிசைகளாகத் திருப்பிப் பார்த்தாள். உச்சியில் இருந்தவர்கள் மட்டும் இறங்கி, முற்றத்தில் தனித்தனியே நின்று மணி பார்த்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. கட்டத்துக்குள் அடங்கிப்போனவர்களைக் கட்டத்திலிருந்து எடுக்க முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் அழிக்காமலிருந்த மூலப் பட்டியலுக்கே போய் மறுபடி தூண்களை எழுப்பினாள். இம்முறை ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். பெரியதை எடு என்றிருந்ததைச் சிறியதை எடு என்றாக்கினாள்.

தூண்கள் புரண்டன. ஜெராக்ஸ் கடைக்காரர் அடிக்குப் போய், "ஐயோ, இவ்வளவு கனமா!" என்று அலறினார். அக்கா முதல் மாடிக்கு வந்தாள். கையில் பாட்டில், பாட்டிலில் வீட்டுத் தண்ணீர். அதை ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டினாள்.

"குடிங்க சார். தீர்ந்துபோச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல, குடிங்க."

மேலதிகாரி அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அங்கே வேறொரு தெரு நின்றது. அதையும் சாத்தினார். மூன்றாவதில் இருந்தவர் கண்ணாடியைத் தட்டவே தொடங்கிவிட்டார். மேலிடத்துத் திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் 'தீராதது' என்று மாற, தொலைபேசி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வராந்தாவில் ஓடிவந்து கேள்விக்காரியின் கதவை உதைத்தார்.

"மாத்து! பழையபடி மாத்து!"

"மாத்த மாட்டேன்."

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க. நீங்க அழிச்ச சனத்தைத் திரும்பக் கொண்டாந்துட்டு அப்புறம் தூக்குங்க." அவள் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. முதல் மாடி உயரத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே தையற்காரியின் தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி கிடந்தன, இரண்டிலும் ஓட்டை. குழாய் மாற்றிய பிறகு பெண்ணின் கண் மெல்ல வெளுத்தது, பள்ளிக்கூடம் போனாள். அக்கா நன்றி சொல்லவில்லை. சோறு போட்டாள், அவ்வளவுதான். போன வருடத்துக்காரர்கள் வீடு வீடாகக் கேள்விக்காரி போய் எடுத்துச் சொன்னாள். சிலர் நம்பினார்கள், பலர் தம்ளரில் தண்ணீர் கொடுத்து உபசரித்தார்கள். வருட முடிவில் வாரியம் அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவளுக்குப் பின் வந்தவருக்கு அவள் எழுதியதில் எந்தச் சொல் என்ன செய்கிறது என்று பிடிபடாததால், அது அப்படியே ஓடுகிறது.

தூண்கள் இன்றும் அலுவலக நேரத்தில் எழுகின்றன. குறை தீராதவர் உச்சியில், தீர்ந்தவர் அடியில். மேலதிகாரி ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் ஜன்னல் கம்பிகளை அறுத்தெடுத்துவிட்டு அங்கேயே மேசையைப் போட்டுக்கொண்டார். மழைக்காலத்தில் புகார் கொடுப்பவர்கள் நனைகிறார்கள் என்று முற்றத்துக்கு ஒரு தகரக் கூரையும் போட்டார்கள். தலை இடிக்காமலிருக்க அது இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கிறது.