நாற்பத்தோராவது கல்

ஸ்ஃபாக்ஸிலிருந்து தெற்கே காபெஸ் ஊருக்குப் போகும் சாலையில் நாற்பத்தோராவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் மறுபடியும் லைன் கட் ஆனது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த நான்கு சோதனை போன்களும் சேர்ந்தாற்போல் செத்தன. மடியிலிருந்த லேப்டாப்பில் நான்கு சிவப்புப் புள்ளிகள். அன்றைக்கு அது ஒன்பதாவது சோதனை ஓட்டம். ஐந்தாவதாகச் செத்தது என் சொந்த போன். அதில் என் அப்பா இருந்தார்.

"பாபா? பாபா! சே!"

"இனிமே எடுக்க மாட்டாரு," என்றார் வண்டி ஓட்டும் ஷாட்லி அண்ணன், சூரியகாந்தி விதைத் தோலை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே. "நீ மூஞ்சில அடிச்ச மாதிரி வச்சிட்டேன்னு நெனச்சிருப்பாரு."

அதேதான் நினைப்பார். எங்கே கட் ஆகிறது, ஏன் கட் ஆகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. பாபாவிடம் இதைச் சொன்னால், "ஊரு போனையெல்லாம் சரி பண்றவளுக்கு ஒன் போனு மட்டும் கட்டாகுதாக்கும்? யாருகிட்ட கத விடற, ரௌதா?" என்பார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்த மனிதர். யந்திரம் கெட்டது என்று சொன்ன ஒருவனையும் அவர் நம்பியதில்லை.

நான் பஸ்ஸாமைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன நாளிலிருந்து ஏழு மாதம் பேசாமல் இருந்தார். பஸ்ஸாம் விவாகரத்து ஆனவர், ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பாபா மூன்று வாரமாகத்தான், அதுவும் சாயங்கால டீ நேரத்தில் மட்டும், போனை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் கல்யாணக் கையெழுத்து. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கோளாறு என்னவோ சின்னதுதான். ஓடும் வண்டியிலிருக்கும் போனை ஒரு டவர் அடுத்த டவரிடம் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் என்று தெரிய ஒவ்வொரு டவருக்குள்ளும் அக்கம்பக்கத்து டவர்களின் பட்டியல் இருக்கும். நாற்பத்தோராவது கல்தான் எங்கள் வடக்குக் கோட்டத்துக்கும் தெற்குக் கோட்டத்துக்கும் எல்லை. இந்த டவரின் பட்டியலில் அந்த டவர் இல்லை, அதன் பட்டியலில் இது இல்லை. ஒரே கம்பெனி, ஒரே சாலை! வடக்கில் கேட்டால் "மொதல்ல அவங்க போடட்டும்" என்கிறான். தெற்கில் கேட்டால் "எழுத்துல வரட்டும்" என்கிறான். எழுத்தில் கொடுத்தேன், ஆறு தடவை. இரண்டு கோட்டத் தலைவர்களும் ஒரு கூட்டத்தில் முறைத்துக்கொண்டார்களாம், அதற்கு நாங்கள் பெட்ரோல் எரிக்கிறோம்.

வியாழக்கிழமை வடக்கு அலுவலகத்துக்கு நேரில் போய், ஹாத்தெம் என்பவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் அந்த ஒரு வரியைத் தட்டி முடிக்கும்வரை கத்தினேன். நாலே நிமிஷ வேலை. ஐந்து மாதம் என் கழுத்தை அறுத்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஓட்டம். முப்பத்தாறாவது கல் தாண்டியதும் பாபாவைக் கூப்பிட எடுத்தேன். ஷாட்லி அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏம்மா, திரும்பி வர்றப்ப பேசேன். தெக்கத்திக்காரன் இன்னும் போடல. வர்ற வழியில கட் ஆகும்ல."

"ஆனா என்னண்ணே?"

"நானும் மூணு வாரமா பாக்குறேன். தக்காளி வெல, முட்டி வலி எல்லாம் பேசிட்டு, முப்பத்தொம்பது வந்தாத்தான் கல்யாணப் பேச்ச எடுக்குற."

எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னது உண்மை. கேட்டேன் என்றும் இருக்கும், 'வரமாட்டேன்' என்ற பதில் காதில் விழவும் விழாது. அத்தனை பெரிய கோழை நான்.

பாபா எடுத்தார். டீ கொதிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். முப்பத்தொன்பது வந்தது.

"பாபா, ஞாயித்துக்கிழம வருவீங்களா?"

நாற்பது. இரண்டு பக்கமும் ஒலிவ மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. நாற்பத்தொன்று வந்தது, போயிற்று. நான்கு போன்களும் உயிரோடு இருந்தன. லேப்டாப்பில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஐந்து மாதமாக நான் சண்டை போட்டு வாங்கிய புள்ளி, அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ரௌதா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் பாபா."

"வழக்கமா இந்நேரம் கட்டாயிடுமே."

"சரி பண்ணிட்டேன்."

"ஓ," என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஏமாற்றத்தின் குரல். கடவுளே, இவரும் இந்தக் கல்லை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாரா! நாற்பத்திரண்டு. டீயை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம். மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப்போல.

"அந்தச் சின்னப் பொண்ணு," என்றார் பாபா, "அது பேரு என்ன?"

பேரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாக மறுபடியும் சொன்னேன். ஷாட்லி அண்ணன் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார். எண்பதில் போக வேண்டிய ஓட்டம் இது, குறைந்தால் கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வேக முள் அறுபதுக்கு இறங்கியது, பிறகு நாற்பதுக்கு. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்து அடித்து எங்களைத் தாண்டிப் போனது. ஷாட்லி அண்ணனை வேகமாகப் போகச் சொல்லவில்லை நான், ஓட்டம் போனால் போகட்டும்.