கறுப்பு சீக்கிரம் தீர்ந்த கதை

1.

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். பாலை அடுப்பில் வைக்கிறேன். அது பொங்குவதற்குள் முன்னறைக்குப் போய் பிரிண்டரைப் போடுகிறேன். இருமுகிறது, முனகுகிறது, ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டுகிறது. மை இல்லை என்கிறது. இருக்கிறது. ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை அது நம்பாது. விளக்கு அணையும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தால் வேண்டாவெறுப்பாக வேலை செய்யும். ஒரு தாளில் ஒரே ஒரு வரி அச்சடிக்கிறேன். அன்றைய தேதி. தினமும் கொஞ்சமாவது ஓடாவிட்டால் மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். பாலை இறக்குகிறேன். குளிக்கிறேன். ஆபீஸ் போகிறேன்.

ஏழு மாதமாக இப்படித்தான். அது என் மனைவிக்காகக் கடைசியாக நிரப்பப்பட்ட மை.

போன திங்கட்கிழமை தேதி பாதிதான் விழுந்தது. செவ்வாய்க்கிழமை வெள்ளைத்தாள் வந்தது. இந்தக் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

2.

முதலில் எழுதிய தொடக்கம்:

“உலகத்தில் விலை அதிகமான திரவம் எது என்று கேட்டால் நீங்கள் வாசனைத் திரவியம் என்பீர்கள். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை—”

[அடித்துவிட்டேன். இது கட்டுரை. கோபம் நியாயமானதுதான், ஆனால் எல்லோரும் படுகிற கோபம்.]

இரண்டாவது:

“மை வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு கார்ட்ரிட்ஜின் விலை—”

[இதையும் அடித்துவிட்டேன். மை விற்கிற கம்பெனிதான் அவளைக் கொன்றது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். வசதியாக இருந்தது.]

நடந்தது இது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. “எங்க இருந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்” என்றார் டாக்டர். அவள் இருந்தது ரீஃபில் கடையில். அந்தக் கடைக்கு நான் போகவே இல்லை. அவள் கடைசியாகப் பேசியது அந்தக் கடைக்காரரிடம். என்ன பேசினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. கதை இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் சுற்றி வளைப்பது.

3.

அவள் முன்னறையில் டைப் அடித்துப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பாள். விண்ணப்பங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், வாடகை ஒப்பந்தம். புது கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: “மை வாங்கினா பிரிண்டர் இலவசம்னு போட்டிருக்கணும். அட்டையை மாத்தி ஒட்டிட்டாங்க.” அன்றிலிருந்து ரீஃபில்தான்.

இன்னொரு நாள்:

“கறுப்பு மட்டும் ஏன்ப்பா இவ்வளவு சீக்கிரம் தீருது?”

“ரீஃபில்காரன் குறைச்சு ஊத்தியிருப்பான்.”

“சேச்சே. அந்த அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்ல.”

“காலையில குடுத்துட்டு வந்துடற. சாயங்காலம் போய் வாங்கற. எவ்வளவு ஊத்தினான்னு நீ பாத்தியா? பக்கத்துல நின்னு பாத்தாத்தானே தெரியும்?”

“நின்னு பாத்தா சந்தேகப்படற மாதிரி இருக்காதா? பாவம்.”

“உன் இஷ்டம். ஏமாளின்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கோ.”

“ஒட்டிக்கலாம். பிரிண்ட் போட கறுப்பு இல்லையே.”

(இந்த உரையாடலில் நான் எதையும் மாற்றவில்லை. அவள் பேசியதை மாற்ற எனக்குக் கை வரவில்லை. நான் பேசியதை மாற்றிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

4.

கணவன் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவன் மனைவியின் உழைப்பு வீணாகிறதே என்று கவலைப்படுகிறவன். நல்லவன். கொஞ்சம் முன்கோபி. வாசகருக்குப் பிடித்துவிடும்.

உண்மையில் கறுப்பைத் தீர்த்தது அவன்.

தினமும் காலையில், அவள் குளிக்கப் போனதும், அவளுடைய பிரிண்டரில் என் கதைகளை அச்சடிப்பேன். ஒரு கதை பன்னிரண்டு பக்கம் வரும். ஒரு வார்த்தையை மாற்றினால் மறுபடி பன்னிரண்டு. திரையில் படித்தால் எனக்குப் பிழை கண்ணில் படாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் தாள்கள் என் ஆபீஸ் பைக்குள் போய்விடும்.*

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். மைக்காக நான் மறைக்கவில்லை. கொடுத்துவிட்டு, படிக்கக் கேட்பாள். அந்தக் கதைகளில் ஒரு மனைவி வருவாள். கற்பனையே இல்லாதவள், எதைப் பார்த்தாலும் விலை கேட்கிறவள். “இது நானா?” என்று கேட்டுவிடுவாள்.

அதனால் ஒரு முன்பின் தெரியாத மனிதரைத் திருடர் ஆக்கினேன். ஒரே ஒரு வாக்கியம்தான். எழுதுகிறவனுக்கு அது வராதா என்ன?

* ஒன்றுகூடப் பிரசுரமாகவில்லை.

5.

வெள்ளைத்தாள் வந்த அன்று பெரிய கடை ஒன்றில் புது கார்ட்ரிட்ஜ் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த விலையைக் கொடுத்தால் ரீஃபில் கடைக்குப் போகாமலே இருந்துவிடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அது நியாயமான விலையாகத் தெரிந்தது. அதனால்தான் திருப்பி வைத்தேன்.

ரீஃபில் கடை, சாவி செய்கிற கடைக்கும் ஃபோன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஓர் ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். கடைக்காரரின் விரல்களில் நாலு நிறமும் இருந்தன. நான் யார் என்று சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜை நீட்டினேன். அதன் முதுகில் அவள் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி இருந்தது.

“இது தங்கச்சியோடதுல்ல?” என்றவர் நிமிர்ந்தார். “உக்காருங்க தம்பி. இதை இத்தனை நாளா ஓட்டினீங்க?”

“தினம் ஒரு வரி.”

“ஒரு வரியா? அதுக்கு எதுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கேட்காமலே கார்ட்ரிட்ஜை ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசில் வைத்து, எண்ணை என் பக்கம் திருப்பினார். சுவரில் புதிதாக ஓர் அட்டை: உங்கள் கண் முன்னால் நிரப்பப்படும்.

“தராசு புதுசாண்ணே?”

“அதுக்கப்புறம் வாங்கினதுதான்.” ஊசியில் கறுப்பை இழுத்தார். “நான் குறைச்சு ஊத்தல தம்பி. பதினாலு வருஷமா இந்த ஊசிதான் சோறு போடுது. ஒரு சொட்டு குறைச்சதில்ல. தங்கச்சி அப்படி நினைச்சுக்கிட்டே போயிட்டாங்களேன்னுதான்...”

அன்று கடையிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அவள் பையில் கார்ட்ரிட்ஜும் இருந்தது, டிஷ்யூவில் சுற்றி. விளிம்புவரை நிரப்பியிருந்தார். அவள் விழுந்த பிறகு, ஆம்புலன்ஸ் போன பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாதபோது நிரப்பியிருக்கிறார்.

“அவ என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. கோபமா எல்லாம் இல்ல.” சொன்னார். அவள் குரலை அவருக்குத் தெரிந்தவரை அப்படியே சொன்னார்.

6.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) கணவன் அங்கேயே உண்மையைச் சொல்கிறான். கடைக்காரர் ஊசியைக் கீழே வைக்கிறார். பிறகு அவன் தோளில் நீலமும் மஞ்சளும் படிந்த கை—

[அடித்துவிட்டேன். அவர் மன்னிப்பதை நான் எழுதினால், மன்னித்தது நான்தான்.]

ஆ) கணவன் தலையாட்டுகிறான். காசு கொடுக்கிறான். கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான்.

[நடந்தது இதுதான்.]

இ) அந்த மையில் இந்தக் கதையை அச்சடித்து, கொண்டுபோய் அவரிடம் கொடுக்கிறான்.

அச்சடித்துவிட்டேன். ஐந்து பக்கம். கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறது. தாள்கள் என் ஆபீஸ் பையில் இருக்கின்றன. பழைய இடம். நாளைக் காலை கடை திறக்கும், நான் அந்த வழியாகத்தான் போவேன். நிற்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள். அவனை இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

7.

என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. அன்று நான் கதவைச் சாத்தும்போது ஏதோ சொன்னாள். பைக்குள் தாள்கள் கசங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “ம்” என்றேன்.

அந்த இடத்தில் நிரப்ப நிறைய வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. ஒன்றுகூட அவள் பேசுகிற மாதிரி இல்லை.

அவள் சொன்னது இது. ரீஃபில் கடையில், பதினொரு மணி வாக்கில்:

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. கறுப்பு கம்மியா இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நீங்க ஊத்துங்க, நான் சும்மா நின்னு பாக்கறேன்.”