கதவு சிக்கியதற்கு ஒரு பதக்கம்

குண்டுவீச்சு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு உட்காருவது அவன் வேலை. அதனால் படைத்தளத்தில் எல்லோருக்கும் அவன் வாலு. பதக்கம் குத்தப் போகிற காலையில் அந்த வாலு சேட்டையே இல்லாமல் சுருண்டிருந்தான்.

"விமானம் தீப்பற்றி, குதிக்க உத்தரவு வந்தும், இருக்கையை விட்டு அசையாமல் எதிரி விமானங்களை விரட்டியவர்" என்று பாராட்டுத் தாளில் அச்சாகியிருந்தது. அசையவில்லைதான். கூண்டுக் கதவு சிக்கிக்கொண்டால் எவன் அசைவான்? உதைத்தான், முட்டினான், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டான். "கதவு திறக்கல கேப்டன்!" என்று கத்தினான். விமானத்தில் இருந்த மற்ற இருவரும் அதற்குள் குதித்துவிட்டார்கள்.

"சரி, நானும் இருக்கேன். நீ சுடு" என்றார் கேப்டன், டீ குடிக்கிற குரலில். இறக்கை எரிய எரிய விமானத்தைத் தரையிறக்கினார்.

அவருக்குப் பதக்கம் இல்லை.

விமானக் கொட்டகை வாசலில் வாலு அவரை மடக்கினான். "உள்ளதைச் சொல்லிடவா?"

"வாய மூடிக்கிட்டு வாங்கிக்க. உங்க அக்கா தெருவையே வேன்ல ஏத்திட்டு வந்திருக்காங்க."

"நீங்க ஏன் குதிக்கல?"

"என் பக்கமும் கதவு திறக்கலடா."

பச்சைப் பொய். மற்ற இருவரும் குதித்தது அந்த வழியாகத்தான். தரையிறங்கியபோது அங்கே கதவே இல்லை; அவர்கள் கழற்றி எறிந்துவிட்டுத்தான் குதித்திருந்தார்கள்.

முன்வரிசையில் அக்கா கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாயில்லாத அவனை வளர்த்தவள். அவள் முகத்தில் பூரிப்பைப் பார்த்ததும் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். எதிரி விமானம் வந்தபோதுகூட இப்படித் திருப்பவில்லை. தளபதி பதக்கத்தை அவன் நெஞ்சருகே கொண்டுவந்தார்.

"ஐயா, எனக்குக் கதவு சிக்கிக்கிச்சு. திறந்திருந்தா முதல் ஆளா குதிச்சிருப்பேன். வழி இருந்தும் எனக்காகக் குதிக்காதவர் அதோ நிக்கிறார்."

பக்கத்தில் மைக் இருந்ததை அவன் மறந்துவிட்டான். கொட்டகை முழுக்கக் கேட்டது.

தளபதியின் கை ஒரு கணம் நின்றது. "துப்பாக்கி தானாவா சுட்டுச்சு?" என்று கேட்டபடி ஊசியைக் குத்தினார். பிறகு கோப்பிலிருந்த அந்தச் சம்பவ அறிக்கையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "இதுல அவரப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. யாரு எழுதினது?"

"அவருதாங்க ஐயா" என்று வாலு கேப்டனைக் காட்டினான்.

முன்வரிசையில் அக்கா எழுந்தாள். தம்பியின் பதக்கத்தை அவள் பார்க்கவேயில்லை. நேராகக் கேப்டனிடம் போய், அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.